என் நெற்றி மீது நடந்த விபத்து விசாரணை

ஆண்கள் கண்ணாடி முன்னால் அதிக நேரம் நிற்பதில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. சுத்தப் பொய். நிற்போம். யாராவது வந்தால் சீப்பைத் தேடுவது போல நடிப்போம். நாற்பத்து மூன்று வயதில் நான் சீப்பு தேடிய அளவுக்கு உருப்படியாக வேறு எதையாவது தேடியிருந்தால் இந்நேரம் இன்னொரு கம்பெனி ஆரம்பித்திருக்கலாம்.

நான் பார்த்துக்கொண்டு நின்றது என் நெற்றியை. குறுக்கே மூன்று கோடுகள், புருவங்களுக்கு நடுவே நெட்டுக்கு இரண்டு. குளிக்காமல் கோயிலுக்குப் போனாலும் பட்டை போட்ட பக்தன் என்று குருக்கள் முதலில் எனக்குத்தான் தீபாராதனையைக் காட்டுவார். (அந்த ஒரு லாபம் தவிர வேறு லாபம் இல்லை.)

கோடுகள் சும்மா வரவில்லை. விருதுநகரில் ஆபீஸ், ஆமத்தூர் பக்கம் பட்டாசு கம்பெனி என்று அண்ணனும் நானும் தொழிலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தங்கவேல் என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வடநாட்டுப் பார்ட்டிகளிடம் போனில் இந்தி மாதிரி ஏதோ பேசுவார். நான் கம்பெனியில். சாயங்காலமானால் அன்றைக்குச் செய்த வாணங்களில் சிலவற்றைப் பொட்டலில் விட்டுப் பார்ப்பது என் வேலை. மேற்கே வெயில், நடுவில் புகை, மேலே வாணம். கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்தே எனக்கு நெற்றி உழவு ஓட்டியது போல ஆகிவிட்டது. அண்ணனுக்கோ, அவர் வீட்டுப் பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்ற நெற்றி.

வேலையாட்களுக்கு அண்ணன் பெரியவர், நான் சின்னவர். வெளியாட்களுக்கு இது தலைகீழ். சாத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அண்ணனிடம், “தம்பி, பெரியவருக்குச் சுடுதண்ணி வேணுமான்னு கேளுங்க” என்றார்கள். அவரும் பவ்யமாக வந்து கேட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது காலண்டரில்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் என்று நினைவு. எங்கள் கம்பெனிக்கு வெள்ளிவிழா. டீலர்களுக்குக் கொடுக்கிற காலண்டரில் இந்தத் தடவை சாமி படத்துக்குக் கீழே அண்ணன் தம்பி படமும் போடுவது என்று முடிவாயிற்று. சிவகாசியில் அச்சகத்துக்குப் போனோம். டிசைன் செய்கிற பையன் கம்ப்யூட்டரில் காட்டினான்.

“அண்ணாச்சி, அப்பாவ இந்தப் பக்கம் வச்சிருக்கேன், மகன அந்தப் பக்கம் வச்சிருக்கேன். சரியா இருக்கா பாருங்க.”

‘அப்பா’ நான். அண்ணன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கோடுகள் இன்னும் ஆழமாகின்றன என்பதை எதிரிலிருந்த கண்ணாடிக் கதவில் பார்த்தேன். உடனே, “சட்டைக் கலர் எடுக்கல. வேற படம் எடுத்துத் தர்றோம்” என்று சொல்லி மூன்று வாரம் தவணை வாங்கினேன்.

அந்த வாரமே சலூனில் ஒரு பத்திரிகையின் மருத்துவக் கேள்வி பதில் பக்கம் கண்ணில் பட்டது. சுருக்கத்துக்குக் காரணமான தசையைத் தளர்த்துகிற ஊசி இருக்கிறதாம். போட்டால் சில மாதங்களுக்கு நெற்றி சமமாக இருக்குமாம். (எழுதிக் கேட்டிருந்தவர் ஒரு பெண். நான் அந்தப் பக்கத்தை விளையாட்டுச் செய்திக்குள் மறைத்து வைத்துப் படித்தேன்.) மதுரையில் ஒரு தோல் டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கினேன். மனைவி மலரிடம், “லோடு விஷயமா ஒரு பார்ட்டியப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, டிரைவருக்குத் தெரியக்கூடாது என்று பஸ்ஸில் போனேன்.

டாக்டர் இளம்பெண். முகத்தைப் பார்க்கும் முன்னால் கேள்வியாகக் கேட்டார். தசை பலவீனம், நரம்பு சம்பந்தமான வியாதி ஏதாவது உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா? ஊசி பாட்டிலின் பெயரையும் தேதியையும் காட்டிவிட்டு என் கண்ணெதிரிலேயே உடைத்தார்.

“இது அடிப்படையில விஷம்தான் சார். ரொம்ப ரொம்பக் கொஞ்சமா, அளந்து, சரியான தசையில போட்டா பயப்பட வேண்டியதில்ல. தெரியாதவங்க கையில, எங்கயோ வாங்கின பாட்டில்ல போட்டுக்கிட்டாதான் வம்பு.”

விஷம் என்ற சொல்லுக்குக் கூட நான் அசரவில்லை. கொடுத்த காசுக்கு முழுசாக வாங்கிக்கொண்டு போகிற புத்தி தலைதூக்கியது.

“டாக்டர், அடிக்கடி வர முடியாது. சேர்ந்தாப்புல இன்னும் ரெண்டு மூணு கூடக் குத்தி விட்ருங்களேன்.”

“கூடப் போட்டா அழகு கூடாது சார். ஆபத்துதான் கூடும்.”

ஒரு ரூமில் இவ்வளவு வெடிமருந்துக்கு மேல் ஒரு கைப்பிடி கூட இருக்கக் கூடாது என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அந்த வாயால்தான் இதைக் கேட்டேன்.

குத்தி முடித்ததும் டாக்டர் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். அங்கேதான் தப்பு நடந்தது. நான் கண்ணாடிக்குள் போய்விட்டேன். வெள்ளிவிழா காலண்டர், அதில் வழவழ நெற்றியோடு நான், எதிரில் வாயைப் பிளந்து நிற்கும் டிசைன் பையன் எல்லாம் அதில் தெரிந்தது. டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். நான் “ம்… ம்…” என்றேன். அவர் என்ன சொன்னார் என்பது பிற்பாடு பல பேர் முன்னிலையில் எனக்கு மறுபடி சொல்லப்பட்டது. அதற்கு வருகிறேன்.

ஒவ்வொரு நாள் காலையிலும் கம்பெனி கேட்டில் வேலையாட்களை நிறுத்திப் பாதுகாப்பு விதிகளைச் சொல்கிறவன் நான்தான். கொலுசு கூடாது, ஹேர்பின் கூடாது, நைலான் சேலை கூடாது, உடம்பிலுள்ள மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடாமல் ரூமுக்குள் போகக் கூடாது. யாராவது பராக்குப் பார்த்தால், “சொல்லும்போது காதைக் கழத்தி வீட்லயா வச்சிட்டு வந்தீக?” என்று எகிறுவேன். மதுரையில் அன்று என் காது என்னிடம் இல்லை.

பஸ்ஸில் விருதுநகர் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியில் குத்திய இடமெல்லாம் லேசாகச் சிவந்து கொசு கடித்தது போல இருந்தது. சும்மா விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கியிருக்கும். ஆனால் மலர் கண்ணில் பட்டால் கதை முடிந்தது என்ற பயம் எனக்கு. அப்போது உதித்தது அந்த அபாரமான யோசனை. நேரே சலூனுக்குப் போய் ஒரு ஃபேஸ் மசாஜ் செய்துகொண்டால்? முகம் முழுக்கவே சிவந்துவிடும். அதில் இந்தப் புள்ளிகளை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்!

சலூன் சுப்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மசாஜ் என்றால் மற்றவர்கள் தடவுவார்கள், சுப்பு பிசைவார். பெண் எடுத்தது தவில்காரர் வீட்டில். மாமனாரின் விரல்கள் சீர்வரிசையில் சேர்ந்து வந்துவிட்டன என்று ஊரில் சொல்லிக்கொள்வோம்.

“என்ன அண்ணாச்சி, நெத்தியெல்லாம் கொசு கடிச்சு வச்சிருக்கு?”

“ஆமா சுப்பு. ஆமத்தூர்ல கொசு ஜாஸ்தி.”

“நல்லா அழுத்தித் தேய்ச்சு விட்டம்னா இருந்த எடம் தெரியாம ஓடிரும்.”

ஓடத்தான் செய்தது. எங்கே ஓடியது என்பதுதான் பிரச்சினை. சுப்பு நாற்காலியைப் படுக்கப் போட்டார். க்ரீமை அப்பி, கட்டை விரல்களைப் புருவத்தில் ஊன்றி, நெற்றியைக் கீழிருந்து மேலேயும் மேலிருந்து கீழேயும் உருட்டினார். சுடுதண்ணியில் முக்கிய துண்டை மேலே போட்டார். அந்தச் சுகத்தில் நான் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டேன். டாக்டர் செய்யக் கூடாது என்று சொன்ன காரியங்களை ஒன்று பாக்கியில்லாமல், அதுவும் டிப்ஸ் கொடுத்துச் செய்துகொண்ட ஆள் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

நாலைந்து நாளில் நெற்றி சமமாயிற்று. நான் எவ்வளவு முயன்றும் புருவத்தை நெரிக்க முடியவில்லை. சந்தோஷத்தில் மலரிடம் தேவையில்லாமல் பூ வாங்கிக் கொடுத்தேன். (அவள் சந்தேகமாகப் பார்த்தாள்.) அதற்கு மறுநாள் காலை பல் துலக்கப் போனேன். வலது கண் இமை பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன கடைக்காரர் ஷட்டரை இறக்கி வைத்தது போல. கையால் தூக்கினால் போகும். விட்டால் இறங்கும்.

மலர் காபியோடு வந்தாள்.

“ஏங்க, காலங்காத்தால கண்ணடிக்கீக?”

“கண்ணடிக்கல. தூசி விழுந்துருச்சு.”

“நேத்து பூவு, இன்னிக்கு கண்ணு. கொஞ்சமும் சரியில்லையே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதே டாக்டருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வெட்கம். தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. அதற்குள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி வைத்தேன். மலருக்குத் தூசி. அண்ணனுக்குக் குளவி கொட்டியது. ஃபோர்மேன் முனியாண்டிக்கு ‘காத்து அடிச்சிருச்சு’. டீக்கடையில் ராத்திரி தூக்கமில்லை.

வேறு ஊராக இருந்தால் இதோடு போயிருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. பட்டாசு கம்பெனி ஆள் ஒருவர் முகத்தில் ஏதாவது கோளாறு தெரிந்தால் என்ன ஆச்சு என்று யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் அவர் கையைப் பார்ப்பார்கள். விரல் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு நாளாக எல்லோரும் என் கையையே பார்த்துவிட்டுத் தோளைத் தட்டுகிறார்களே என்று நான் யோசித்தேன். எனக்கு அவ்வளவு மரியாதையா என்று கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

முனியாண்டி ஒரு சாயங்காலம் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் வந்து நின்றார். கீழே பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

“எந்த ரூம் அண்ணாச்சி?”

“எந்த ரூம்னா?”

“சொல்ல வேண்டாம்னா விட்ருங்க. என் தலையே போனாலும் வெளிய சொல்ல மாட்டேன்.”

அவர் போய்விட்டார். கணக்கில் ஏதோ குழப்பம் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கேட்டில் விதிகளைச் சொல்லப் போய் நின்றேன். எதிரில் பாதிப் பேர் கூட இல்லை. பெண்களில் பெரும்பாலோர் வரவில்லை. தீபாவளிக்கு ரொம்ப நாள் இல்லை, ஆர்டர் மலை போலக் கிடக்கிறது, லோடு ஏற்ற லாரி வந்து நிற்கிறது. “எங்க போனாக எல்லாரும்?” என்று கேட்டேன். வந்திருந்தவர்கள் என் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு என் கையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஊருக்குள் செய்தி இப்படிப் போயிருந்தது. கம்பெனியில் ஒரு ரூமில் மருந்து பற்றிக்கொண்டது. சின்னவருக்கு ஒரு கண் போய்விட்டது. லைசென்ஸுக்குப் பயந்து அமுக்கிவிட்டார்கள். பக்கத்து ஊரான அச்சங்குளம் போய்ச் சேர்ந்தபோது அது இரண்டு ரூமாகவும் மூன்று ஆளாகவும் வளர்ந்திருந்தது. மூடி மறைக்கிற கம்பெனிக்கு எந்த வீட்டில் பெண்பிள்ளையை அனுப்புவார்கள்? அவர்கள் பயந்தது நியாயம். நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

பத்து மணிவாக்கில், பட்டாசு கம்பெனிகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாலேயே அண்ணனின் கார். காலை நேரத்தில் ஆபீசை விட்டு அசையாத மனிதர் சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே, வேலைக்கு வராத பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பேச்சியம்மா தலைமையில் நின்றார்கள். பேச்சியம்மா எங்கள் கம்பெனியில் திரி சொருகுகிற ஆட்களில் மூத்தவர். அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள், அவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள்.

எனக்குப் பயமில்லை. கம்பெனி சுத்தம், எங்கேயும் ஒரு கரி கூட இருக்காது என்று எனக்குத் தெரியும். அதிகாரி ரூம் ரூமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசையில் ஒரு ரூம் முன்னால் நின்றார். அது மட்டும் புத்தம் புதிதாக, கண் கூசுகிற வெள்ளையில், சுண்ணாம்பு வாசத்தோடு பளபளத்தது.

“சீசன் நேரத்துல இந்த ஒரு ரூமுக்கு மட்டும் எதுக்கு வெள்ளையடிச்சீங்க?”

எனக்கே அது புதுச் செய்தி. திரும்பிப் பார்த்தேன். முனியாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் இடுக்கில் சுண்ணாம்பு. பாவம் மனிதர், எந்த ரூம் என்று நான் சொல்லாததால் அவராகவே ஒரு ரூமைத் தேர்ந்தெடுத்து ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்து தன் கையாலேயே அடித்து வைத்திருக்கிறார். அந்த விசுவாசத்தை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது. அன்றைக்கு அவரைச் சுண்ணாம்பு வாளியில் முக்கலாமா என்று இருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“கண்ணுல என்ன?”

“தூசி சார்.”

“உங்க அண்ணன் குளவின்னு சொன்னாரு. ஃபோர்மேன் காத்துன்னு சொல்றாரு. வர்ற வழியில டீக்கடையில தூக்கம் இல்லைங்கிறாங்க. தூசியா, குளவியா, காத்தா?”

நான் முனியாண்டியைப் பார்த்தேன், அவர் இன்னும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு கேக்குறேன், முகத்துல ஒரு பதற்றம் கூட இல்லையே உங்களுக்கு!”

எப்படி இருக்கும்? பதறுகிற தசைக்கெல்லாம் மதுரையில் ஊசி போட்டாயிற்று. உள்ளே நெஞ்சு தடதடவென்று அடிக்க, வெளியே என் நெற்றி ஒரு மகானைப் போலச் சாந்தமாக இருந்தது. இந்த ஆள் கொலையே செய்தாலும் அசர மாட்டான் என்று அதிகாரி முடிவுகட்டுவது அவர் முகத்தில் தெரிந்தது.

அப்போது அண்ணன் என் பக்கத்தில் வந்தார். அப்பா காலத்திலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு. கம்பெனியில் யாருக்காவது நுனி விரலில் சூடு பட்டாலும் அடுத்த வேளை சாப்பாட்டுக்கு முன்னால் மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட அது தவறியதில்லை. லைசென்ஸ் அவர் பேரில். ஆனால் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

“ஏலே, எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு. யாருக்காவது பட்டுருச்சா? எங்கயாவது ஆஸ்பத்திரியில யாரையும் வச்சிருக்கியா?”

அவர் உதடு வெளுத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கம், மானம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

“அண்ணே, ஒண்ணும் வெடிக்கல. சுருக்கத்துக்கு ஊசி போட்டேன்.”

“என்னது?”

“நெத்திச் சுருக்கத்துக்கு. காலண்டர்ல எளமையாத் தெரியணும்னு.”

அதிகாரி நம்பவில்லை. இத்தனை வருட சர்வீசில் இப்படி ஒரு பொய்யைக் கேட்டதில்லை என்றார். டாக்டரிடமே கேளுங்கள் என்றேன். கம்பெனிக்குள் செல்போன் கூடாது, என்னுடையது கேட் ரூமில் இருந்தது. ஆகவே அதிகாரி, அண்ணன், முனியாண்டி, நான் என்று எல்லோரும் ஊர்வலமாகக் கேட்டுக்குப் போனோம். அங்கே பேச்சியம்மாவும் கூட்டமும் ஜன்னலில் காதை வைத்துத் தயாராக நின்றார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னார் அதிகாரி.

டாக்டர் பதறவில்லை. முதலில் என்னைத்தான் விசாரித்தார்.

“முழுங்க முடியுதா சார்? மூச்சு விடச் சிரமம் இருக்கா? பேச்சு குளறுதா? ரெண்டு ரெண்டாத் தெரியுதா?”

“இல்ல டாக்டர். இமை மட்டும்தான்.”

“அதுல ஏதாவது ஒண்ணு இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இல்லைன்னா பயம் இல்ல. சில வாரத்துல தானாச் சரியாயிடும். ஆனா நேர்ல வந்து காட்டுங்க, சொட்டு மருந்து தர்றேன். இமை இறங்கின அன்னிக்கே ஏன் கூப்பிடல? சரி, ஊசி போட்ட அன்னிக்கு நெத்தியத் தேய்ச்சீங்களா?”

நான் ஸ்பீக்கரை அணைக்கிற பட்டனைத் தேடினேன்.

“சொல்லுங்க” என்றார் அதிகாரி.

“சலூன்ல… மசாஜ்…”

“மசாஜா! நாலு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, அன்னிக்கு முழுக்க நெத்தியத் தொட்டுத் தேய்க்கக் கூடாது, சூடு படக் கூடாதுன்னு ஒண்ணொண்ணாச் சொன்னேனே சார்! நீங்களும் ம், ம்னீங்களே!”

“படுத்தீகளா?” என்று ஜன்னலிலிருந்து பேச்சியம்மா கேட்டார்.

“நாற்காலியச் சாய்ச்சு…”

“சூடு?” என்றார் அதிகாரி.

“சுடுதண்ணித் துண்டு.”

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். எல்லாம் சரியாகச் செய்தாலும் அபூர்வமாகச் சிலருக்கு இமை இறங்குவதுண்டு, மசாஜ்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி வரிந்து கட்டிக்கொண்டு அதை அழைத்தவரை அவர் பார்த்ததில்லை என்றார்.

போனை வைத்ததும் அதிகாரி தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “விபத்து எதுவும் இல்லை. பாதுகாப்பு அறிவுரையைக் கவனிக்காத ஆள் ஒருத்தர் இருக்காரு, அவ்வளவுதான்” என்றார்.

முதலில் சிரித்தது பேச்சியம்மா. “அடப்பாவி அண்ணாச்சி! தெனமும் எங்களக் காதைக் கழத்தி வச்சிட்டா வந்தீகன்னு கேப்பீகளே, ஒங்க காதை எங்கன கழத்தி வச்சீக?” அவ்வளவுதான், கேட்டே குலுங்கியது. முனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப நான் அடிச்ச வெள்ளை?” என்றார் பரிதாபமாக.

அண்ணன் அங்கே கிடந்த ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போனால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“கண்ணு போகலேல்ல?”

“இல்லண்ணே.”

“காலையிலருந்து என் உசுரு என்கிட்ட இல்லலே. நான் ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கேன், நீ வெயில்லயும் புகையிலயும் நிக்கெ. எனக்கு வர வேண்டிய கோட்டையும் சேத்து நீதாம்லே நெத்தியில வாங்கிக்கிட்ட. அதப் போயி அழிக்கப் பாத்திருக்கியே, கோட்டிக்காரப் பயலே.”

எனக்கு அழுகை வந்தது. ஆனால் நெற்றி சுருங்காமல் அழுவது எப்படி என்று முகத்துக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்து அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். இருவரும் பெட்டி மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் வேலைக்கு வந்தார்கள். (வேலைக்கா, என்னைப் பார்க்கவா என்பது தெரியாது.)

நான் வீட்டுக்குப் போகும் முன்பே செய்தி போய்விட்டது. மலர் வாசலில் நின்றாள். பார்ட்டி, லோடு, பூ எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் நெற்றியைத் தொடாமல் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள்.

“எங்கிட்டச் சொல்லிருந்தா நாலு மணி நேரமும் பக்கத்துல உக்காந்து படுக்க விடாமப் பாத்திருப்பேன்ல? அந்தம்மா போட்ட ஊசி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல.”

டாக்டர் சொன்னபடியே சில வாரத்தில் இமை ஏறிவிட்டது. ஆனால் அச்சகம் அதுவரை காத்திருக்கத் தயாரில்லை. பாதிக் கண்ணோடு படம் எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அண்ணன் விடவில்லை. தோளைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினார். போட்டோகிராஃபர் “ரெடி” என்றதும் ஃபிளாஷ் அடித்தது. காலண்டர் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். இந்தப் பக்கம் என் வலது கண் பாதி மூடியிருந்தது. அந்தப் பக்கம் அண்ணனும் தன் வலது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நிற்கிறார். வாணம் விட்டுப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது, தொழில் பக்தி என்றால் இதுதான் என்று டீலர்கள் போன் போட்டுப் பாராட்டினார்கள். அந்த வருடம் காலண்டர் பற்றாமல் மறுபடி அடித்தோம்.

சில மாதத்தில் என் கோடுகளும் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. மறுபடி ஊசிக்குப் போகவில்லை. ஊசி மேல் பயமில்லை, சுப்புவின் மசாஜை விட முடியவில்லை. கம்பெனியில் காலையில் விதிகளைச் சொல்லி முடித்ததும் கடைசியாக எல்லாப் பெண்களும் ஒரே குரலில், “மூஞ்சியத் தேய்க்கக் கூடாது!” என்று சேர்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பேச்சியம்மா வேலையை விட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் அதையும் நிஜமான விதி என்று நினைத்துக் கடைப்பிடிக்கிறார்கள்.

போன மாதம் அண்ணன் பேத்தியின் கல்யாணம். மதுரையிலிருந்து வந்த போட்டோகிராஃபர் குடும்பப் படத்துக்கு எங்களை வரிசைப்படுத்தினார். என்னைப் பார்த்து, “அப்பா, நீங்க நடுவுல சேர்ல உக்காருங்க” என்றார். பிறகு அண்ணனிடம், “மகன் பின்னால நில்லுங்க சார்” என்றார்.

அண்ணன் மறு பேச்சில்லாமல் என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று தோளில் கை வைத்தார். குனிந்து என் காதில், “தேய்ச்சிட்டு வந்தியாலே?” என்றார். நான் நிமிர்ந்து என் கோடுகள் அத்தனையையும் அவருக்குக் காட்டினேன்.

“ரெடி” என்றார் போட்டோகிராஃபர். படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தவர் திகைத்துப்போய், “என்ன சார், எல்லாரும் ஒரு கண்ண மூடிட்டீங்க?” என்றார். மலர், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், மணப்பெண் உட்பட மொத்தக் குடும்பமும் வலது கண்ணைப் பாதி மூடியிருந்தது. இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து வைத்திருந்தது மாப்பிள்ளையும் நானும்தான். மாப்பிள்ளை வீட்டுக்குப் புதுசு, அவருக்கு விஷயம் தெரியாது. அன்று சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.